இடதுகை முடிச்சு

நான் பலசரக்குக் கடைக்காரன். உத்தமபாளையத்தில் முப்பத்திரண்டு வருஷம் கடை நடத்தினேன். எடையில் ஒருவரையும் ஏமாற்றியதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் செய்த தப்பு தராசில் அகப்படாத தப்பு, அதனால் சொல்கிறேன். 2009 முதல் 2016 வரை எட்டு வருஷம், நோன்புப் பெருநாளுக்கு ஏழை வீடுகளுக்குப் போகவேண்டிய ஃபித்ரா தர்மத்தை, கடையில் விற்காமல் கிடந்த வண்டு விழுந்த கோதுமையைக் கொண்டு கழித்தேன். அளவில் குறை வைக்கவில்லை. ஆளுக்கு இரண்டு கிலோ என்றால், கழிவுக்கு என்று கால் கிலோ கூடவே போட்டேன். அந்தக் கால் கிலோதான் இன்றைக்கும் உறுத்துகிறது. தெரியாமல் செய்தவன் கழிவுக்குக் கூடப் போட்டிருக்கமாட்டான்.

மாற்றுமத நண்பர்களுக்காக ஃபித்ரா என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாம் ரம்ஜான் என்றும் நோன்புப் பெருநாள் என்றும் சொல்வதன் அரபுப் பெயர் ஈதுல் ஃபித்ர். தமிழில் ஈகைத் திருநாள் என்று எழுதுகிறோம். பிரியாணி விருந்துக்கோ, புதுத் துணிக்கோ, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெருநாள் காசுக்கோ அந்தப் பெயர் வரவில்லை; ஃபித்ரா என்ற இந்தத் தர்மத்தால் வந்தது. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் நோன்பு கடமையானது; அதே ஆண்டிலேயே ஃபித்ராவும் விதியானது. நோன்பு வைத்துக்கொண்டு பேசிய வீண்பேச்சையும் கெட்ட பேச்சையும் அது கழுவும். ஏழைக்கு அன்றைய சாப்பாடாகும். இரண்டு காரியத்துக்கு ஒரு தர்மம். பெருநாளன்று ஒருவரும் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கக்கூடாது என்பது அதன் உள்கருத்து. வசதியுள்ளவர் தனக்காகவும் தன் சின்னப் பிள்ளைகளுக்காகவும் கொடுக்கவேண்டும். எங்கள் வழக்கப்படி பெருநாள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் உண்டு. பெருநாள் தொழுகைக்குப் போகும் முன் கொடுத்துவிடவேண்டும். தொழுதுவிட்டு வந்து கொடுத்தால் அது வேறு நாள் கொடுக்கும் சாதாரண தர்மம் மாதிரி ஆகிவிடும்.

உத்தமபாளையம் இருக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் ராவுத்தர்மார் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப் என்கிற சட்டவழிக்காரர்கள். கோதுமையாகக் கொடுத்தால் அரை ஸாவு. வாற்கோதுமையோ பேரீச்சையோ உலர்ந்த திராட்சையோ என்றால் முழு ஸாவு. ஸாவு என்பது நம் படி, மரக்கால் போல முகத்தல் அளவை. கிலோவுக்கு மாற்றும்போது மார்க்கம் படித்த ஆலிமுக்கு ஆலிம் கொஞ்சம் வித்தியாசப்படும். அரை ஸாவு ஒன்றே முக்கால் கிலோவுக்கு முன்பின் வரும். பேணுதலுக்காக இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்வோம். பொருளாகவும் கொடுக்கலாம், அதன் கிரயத்தைப் பணமாகவும் கொடுக்கலாம். கீழக்கரை, காயல்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹப். அங்கே அந்த ஊரார் எதைத் தின்று உயிர் வாழ்கிறார்களோ அதையே கொடுக்கவேண்டும், அதனால் அரிசி. கீழக்கரை நண்பர் ஒருவர் கடைக்கு வந்திருந்தபோது என் கோதுமைப் பொட்டலங்களைப் பார்த்துக் கேட்டார்: "உங்க ஊர்ல கோதுமையாங்க சாப்பிடுறாங்க?" நான் மத்ஹப் சட்டம் பேசி அவர் வாயை அடைத்தேன். அவர் கேட்டது சட்டமில்லை.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர் இது. ஆற்றோரம் நெல், மேட்டில் பந்தல் போட்ட பன்னீர்த் திராட்சை. மூன்று வேளையும் சோறு தின்கிற சனம். கோதுமை என்றால் சர்க்கரை வியாதிக்காரருக்கு ராத்திரிச் சப்பாத்தி, அவ்வளவுதான். ஆகவே என் கடையில் கோதுமை வருஷம் முழுக்க மந்தமாகத்தான் போகும். ஆனி, ஆடியில் இங்கே மேற்கிலிருந்து காற்று அடிக்கும், கூடவே சாரல். சாக்கு ஈரம் கோக்கும். அடியில் கிடக்கும் மூட்டையில் வண்டு விழும். மணியைக் கையில் எடுத்தால் ஊசிமுனை ஓட்டை இருக்கும், விரலில் மாவு ஒட்டும். நான் சொல்லும் எட்டு வருஷத்தில் பாதிக்குமேல் நோன்பு இந்தக் காற்றுக் காலத்திலேயே வந்தது. பிறைக் கணக்கில் நோன்பு வருஷத்துக்குப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து வரும் என்பது தெரிந்ததே.

ரம்ஜான் மாதம் கடைக்காரனுக்கு அறுவடை. சேமியா, சர்க்கரை, நெய், முந்திரி, கிஸ்மிஸ், கடற்பாசி, பேரீச்சைப் பெட்டி. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்ச அரசு அரிசி தருகிறது. பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, பட்டை, கிராம்பு எல்லாம் ஊர்க் கடைகளில்தான் வாங்குவார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லா மதத்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு கஞ்சிக்கு வரிசையில் நிற்கும். அப்படிப்பட்ட ஒரு மாதத்தில்தான், 2009-ல், என் கணக்கு மூளை வேலை செய்தது. அடிமூட்டை ஒன்று கெட்டுப்போய்க் கிடக்கிறது. மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்தால் பாதி விலைகூடத் தேறாது. வீட்டில் ஏழு பேர். ஏழு பேருக்கு ஃபித்ரா கோதுமை பதினாலு கிலோ. புது மூட்டையைப் பிரிப்பானேன்?

புடைத்தேன், சலித்தேன், ஏழு பையில் போட்டேன், கழிவுக்குக் கால் கிலோ கூட்டினேன், சணலால் கட்டினேன். மார்க்கம் சொன்னது கோதுமை, நான் கொடுப்பதும் கோதுமை. அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

என் அத்தா அப்படி இல்லை. அவர் கடையில் இருந்த காலத்தில் இருபத்தேழாம் கிழமை இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்து, ஊசி பிரிக்காத மூட்டை ஒன்றை என்னை விட்டுத்தான் பிரிக்கச் சொல்வார். முதல் எடை ஃபித்ராவுக்கு, அடுத்த எடை வீட்டுக்கு, மிச்சம்தான் வியாபாரத்துக்கு. "ஏன் அத்தா, பாதி வித்த மூட்டை இருக்கே?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கைபட்டதுடா அது" என்றார். அவர் எனக்குச் செய்து காட்டாமல் போனார் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

2014 நோன்பு ஜூலை கடைசியில் முடிந்தது. பிறை தெரிந்த ராத்திரி கடையில் நிற்க இடமில்லை. பதினொரு மணிவாக்கில் கூட்டம் கொஞ்சம் கலைந்தபோது, எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெண் தலையில் துணிமூட்டையோடு வந்து ஓரமாக நின்றார். புருஷனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப்பில் கம்பமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைப்பார்கள் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

"அண்ணே, இத எடுத்துக்கிட்டுப் பெருநாச் சாமான் குடுங்கண்ணே."

மூட்டையைப் பிரித்தார். உள்ளே ஐந்தாறு பொட்டலம், எல்லாம் கோதுமை. அந்த வாரம் அவர் வீட்டுக்குப் பல வீடுகளிலிருந்து வந்த ஃபித்ரா. வீட்டில் யாரும் சப்பாத்தி சுடுவதில்லை. அரைக்க மில்லுக்குப் போகவும் நேரமில்லை, பெருநாளுக்கு இன்னும் ஒரு ராத்திரிதான்.

"என்ன வெல போடுவீங்கண்ணே?"

"பதினெட்டு."

நான் விற்றது இருபத்தெட்டு.

"இருவது போடுங்கண்ணே. பச்சப் புள்ளைக இருக்கு."

"கலப்படமா இருக்கும்மா. ஒவ்வொரு வீட்டுக் கோதுமை ஒவ்வொரு மாதிரி. பதினெட்டுக்கு மேல கட்டாது."

எடை போட ஒவ்வொரு பொட்டலமாக எடுத்தேன். மூன்றாவது பொட்டலத்தின் முடிச்சில் கை நின்றது. நான் இடதுகைக்காரன். நான் போடும் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். கடைப்பையன்கள்கூட "மொதலாளி முடிச்சு" என்று கேலி செய்வார்கள். இரண்டு நாள் முன்னால் நான் கட்டிக்கொடுத்த பை அது. சணலைக்கூட அவிழ்க்கவில்லை. உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும், பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் பிரித்தேன். ஒரு கை அள்ளினேன். வண்டு விரல் நடுவில் ஊர்ந்தது.

அந்த நிமிஷம் நான் செய்திருக்க வேண்டியவை எத்தனையோ உண்டு. நான் செய்தது இது. "பாரும்மா, வண்டு விழுந்திருக்கு" என்று அவரிடமே காட்டினேன். பதினெட்டுக்கு அதை நியாயமாக்கினேன். என் சரக்கின் குறையை என் தர்மத்தை வாங்கியவர் தலையிலேயே கட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

எல்லாமாகப் பன்னிரண்டு கிலோ. 216 ரூபாய். சீரகச் சம்பா ஒரு கிலோ 80, நெய் நூறு கிராம் 40, சேமியா 20, பட்டை கிராம்பு ஏலம் 15, சர்க்கரை ஒரு கிலோ 36. மொத்தம் 191. மிச்சம் 25 ரூபாயைக் கையில் வைத்தேன். ஏலக்காயைப் பொட்டலம் கட்டும்போது ஒரு நினைப்பு வந்தது: காலையிலிருந்து சாயந்திரம்வரை ஏலம் பறிக்கிற கைக்கு நான் நாலு ஏலக்காயை எண்ணிப் போடுகிறேன். நினைப்பு வந்ததே தவிர, ஐந்தாவதைப் போடவில்லை. அவர் போனபிறகு கோதுமையைப் புடைத்து, நல்லதை விற்கிற சாக்கில் கொட்டினேன். நல்லது கிலோவுக்குப் பத்து ரூபாய் லாபம். என் ஃபித்ராவை நானே விலை குறைத்து வாங்கி, லாபம் வைத்து விற்றேன். ஒரே சரக்கில் நன்மையும் சம்பாதித்தேன், காசும் சம்பாதித்தேன் என்று அன்றைக்கு யாராவது கணக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் பெருநாள் தொழுகைக்குப் போனோம். ஆறு அதிகத் தக்பீர், இரண்டு ரக்அத், பிறகு குத்பாப் பிரசங்கம், பிறகு ஒருவரையொருவர் கட்டித்தழுவி ஸலாம். நோன்புப் பெருநாளன்று எதையாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டுத் தொழுகைக்குப் போவது நபிவழியான சுன்னத்து. ஹஜ்ஜுப் பெருநாளன்று தொழுதுவிட்டு வந்து சாப்பிடுவது சுன்னத்து. போன வழியில் வராமல் வேறு வழியில் திரும்புவதும் சுன்னத்து. ஏன் வேறு வழி? இன்னும் நாலு பேரைப் பார்க்கலாம், இன்னும் நாலு வாசலில் ஸலாம் சொல்லலாம் என்று ஹஜ்ரத்மார் விளக்கம் சொல்வார்கள். நான் வழக்கமாகத் திரும்பும் தெருவில்தான் அந்தப் பெண்ணின் வீடு. அந்த வருஷம் முதல் அந்தத் தெருவை விட்டுவிட்டுப் பிறிதொரு தெருவால் சுற்றி வந்தேன். நாலு பேரைப் பார்க்க வைத்த சுன்னத்தை, ஒருவரைப் பார்க்காமலிருக்கப் பயன்படுத்தினேன்.

இதற்குப் பிறகாவது நிறுத்தினேனா? இல்லை. 2015-லும் அதே வேலை. 2016-லும் அதே வேலை. ஒரே ஒரு மாற்றம், பையைக் கடைப்பையனை விட்டுக் கட்டச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் கோதுமையைவிட ஊருக்கு அதிக நஷ்டம் வைத்தது இதுதான். நோன்பு இருபது தாண்டியதும் எங்கள் மஹல்லாவில் ஃபித்ராத் தொகையை அறிவிப்பார்கள். நபர் ஒருவருக்கு இவ்வளவு ரூபாய் என்று பலகையில் எழுதிப்போடுவார்கள். அந்தத் தொகைக்குக் கோதுமையின் கடைவிலை வேண்டும். விலை கேட்டு, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் யாரிடம் வருவார்? என்னிடம்தான். 2015-ல் நல்ல கோதுமை 28. மட்டரகம் 22. "என்ன ரேட்டு பாய்?" என்று கேட்டார். "இருபத்திரெண்டு" என்றேன். பொய்யில்லை, அந்த விலைக்கும் கோதுமை இருந்தது. ஜமாஅத்தார் நம்பி எழுதினார்கள், ஊரார் நம்பிக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைந்தது. எங்கள் மஹல்லாவில் நானூறு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று குத்துமதிப்பாக வைத்தாலும் 24,000 ரூபாய். ஒரு வார்த்தையில் அவ்வளவும் ஏழைகள் கைக்குப் போகாமல் நின்றது. இதில் எனக்கு லாபம் என் வீட்டு ஏழு பேருக்கு 84 ரூபாய். அதுவும்கூட இல்லை, நான் பணமாகக் கொடுத்ததே கிடையாதே. பிறகு ஏன் குறைத்துச் சொன்னேன்? ஃபித்ராத் தொகை குறைவாக இருந்தால் கொடுக்கிறவர்களுக்குச் சந்தோஷம். அவர்கள் என் வாடிக்கைக்காரர்கள். வாங்குகிறவர்கள் என் கடையில் கடன் சொல்கிறவர்கள். வியாபாரியின் நாக்கு தானாக எந்தப் பக்கம் சாயும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

2016-ல் பள்ளியில் தொழவைக்கப் புது ஹஜ்ரத் வந்தார். சின்ன வயது. அந்த வருஷம் மோதினாரை அனுப்பாமல் அவரே கடைக்கு வந்தார். கோதுமை விலை கேட்டார், சொன்னேன். அப்புறம், "பேரீச்சை என்ன விலை? கிஸ்மிஸ் என்ன விலை?" என்றார். ஃபித்ராவுக்காக யாரும் என்னிடம் கிஸ்மிஸ் விலை கேட்டதே இல்லை. திராட்சை விளைகிற பூமியில் இருந்துகொண்டு கிஸ்மிஸை மகாராஷ்டிரத்திலிருந்து வரவழைத்து விற்கிறோம், விலை அப்படித்தான் இருக்கும். "அது எதுக்கு ஹஜ்ரத்? கோதுமைதானே வழக்கம்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். அடுத்த நாள் பலகையில் மூன்று தொகை இருந்தது. கோதுமைக் கணக்கில் ஒன்று, பேரீச்சைக் கணக்கில் ஒன்று, கிஸ்மிஸ் கணக்கில் ஒன்று. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். கீழே, அவரவர் தகுதிக்குத் தக்கபடி, என்று எழுதியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், இரண்டு விஷயம் சொன்னார். என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒன்று, நபி காலத்தில் பேரீச்சை, வாற்கோதுமை, உலர்ந்த திராட்சை, பாலாடைக்கட்டி என்று கிடைத்ததில் முழு ஸாவு கொடுத்துவந்தார்கள். பின்னாளில் கலீஃபா முஆவியா மதீனாவுக்கு வந்தபோது, சிரியாவின் கோதுமை அரை ஸாவு பேரீச்சையின் ஒரு ஸாவுக்குச் சமம் என்று மிம்பர் மேடையில் சொன்னார். மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நபித்தோழர் அபூ ஸயீத் அல்குத்ரி மட்டும், முன்பு எவ்வளவு கொடுத்தேனோ அவ்வளவே கொடுப்பேன் என்று இருந்துவிட்டார். அரை ஸாவுக்கு ஹனஃபி இமாம்கள் வேறு ஆதாரங்களும் காட்டுகிறார்கள், அதனால் அது சட்டப்படி சரி. ஹஜ்ரத் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அன்றைக்குக் கோதுமை விலை உயர்ந்த தானியம், அதனால் பாதி போதும் என்றார்கள். இன்றைக்குப் பட்டியலிலேயே மலிந்தது கோதுமை. மலிந்ததிலும் பாதியை எடுத்துக்கொண்டு, வசதியுள்ளவர்கள் எல்லோரும் அதன் பின்னால் நிற்பது ஏன்?

விலைவாசியே பிழைப்பாக இருப்பவன் நான். எது ஏறும், எது இறங்கும் என்று சொல்லித்தான் வயிறு வளர்த்தேன். இந்த ஏற்ற இறக்கம் மட்டும் இத்தனை வருஷமாக என் கண்ணில் படவில்லை.

இரண்டாவது விஷயத்துக்கு வந்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. மதீனாவில் பேரீச்சை அறுவடைக் காலத்தில் தோப்புக்காரர்கள் ஏழைகள் பசியாறப் பள்ளிவாசலில் குலைகளைத் தொங்கவிடுவார்களாம். சிலர் சூம்பிப்போன, கெட்டுப்போன குலையைக் கொண்டுவந்து அதே கூட்டத்தில் மாட்டிவிட்டுப் போவார்களாம். அதைக் கண்டித்துத்தான், தர்மம் செய்யும்போது மட்டமானதைத் தேடாதீர்கள், அதையே உங்களுக்கு ஒருவன் தந்தால் முகம் சுளித்துக்கொண்டுதானே வாங்குவீர்கள் என்ற பொருளில் குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தில் வசனம் இறங்கியது என்று சொன்னார். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் குலையை மாட்டியவனின் பெயர் தெரியாது. உத்தமபாளையத்தில் அவன் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே ஓடிப்போய் ஹஜ்ரத் கையைப் பிடித்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அந்த வருஷப் பைகள் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தன. அவற்றையே கொடுத்தேன். அடுத்த வருஷம் முதல் நல்ல கோதுமையின் கிரயத்தைப் பணமாகக் கொடுக்க ஆரம்பித்தேன். பழசைப் பற்றி மூச்சுவிடவில்லை. இனிமேல் சரியாகச் செய்தால் போதும் என்று நினைத்தேன். கடைக்காரனுக்குத் தெரியும், பழைய பாக்கியை எழுதாமல் புதுப் பேரேடு போட்டால் அது கணக்கு ஆகாது.

2020 வந்தது. ஊரடங்கில் நோன்பு. பள்ளியில் கஞ்சி காய்ச்சவில்லை, தராவீஹ் வீட்டில், மே 25 பெருநாள் தொழுகையும் வீட்டில். குமுளி வழியும் கம்பமெட்டு வழியும் மூடிக்கிடந்தன. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் போகவில்லை. மார்ச் மாதக் கடைசியிலிருந்து அந்தப் பெண்ணின் தெருவில் பல வீடுகளுக்குக் கூலி இல்லை. ஃபித்ராவைப் பெருநாள் வரைக்கும் வைத்திருக்க வேண்டியதில்லை, ரம்ஜான் மாதத்திலேயே முன்கூட்டிக் கொடுக்கலாம் என்று ஹஜ்ரத் போனில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். அப்போது என் வாயிலிருந்து தானாக வந்தது. எட்டு வருஷக் கதையையும் போனிலேயே சொல்லி முடித்தேன். நேருக்கு நேர் என்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "சட்டப்படி எவ்வளவு நிறைவேறுச்சு, எவ்வளவு நிறைவேறலன்னு நாம நோண்ட வேண்டாம். முழுசையும் திரும்பக் குடுத்துருங்க. அதுதான் பேணுதல்" என்றார். எந்தக் கணக்கில் என்று கேட்டேன். "நீங்க கடைக்காரர், உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

ஏழு பேர், எட்டு வருஷம், ஐம்பத்தாறு ஃபித்ரா. கிஸ்மிஸ் கணக்கில் ஆளுக்கு மூன்றேகால் கிலோ, மொத்தம் 182 கிலோ. கிலோ 250 என்று போட்டு 45,500 ரூபாய். மொத்தமாகக் கொடுக்க வசதி இல்லாமலில்லை, ஊரடங்கிலும் பலசரக்குக் கடை திறந்திருந்தது. ஆனாலும் தொகையைப் பார்த்ததும் மனசு கோதுமைப் பக்கம் போய்வந்தது. மறைக்காமல் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்ததால் இதையும் சொல்கிறேன்.

முதலில் போனது அந்தப் பெண்ணின் வீட்டுக்கு. ஆறு வருஷமாக நான் சுற்றிப்போன தெரு. முகக்கவசத்தோடு வாசலில் நின்று, உறையை நீட்டிக்கொண்டே சொன்னேன், அன்றைக்கு நீங்கள் கொண்டுவந்த வண்டு விழுந்த கோதுமை நான் கொடுத்ததுதான் என்று.

"தெரியும்ணே" என்றார். "முடிச்சு ஒங்க கடை முடிச்சுதானே. ஒங்ககிட்ட எத்தனை வருஷமா சாமான் வாங்குறேன்."

"தெரிஞ்சுமா என்கிட்டயே கொண்டாந்தீங்க?"

"வேற ரெண்டு கடைக்குப் போய்ட்டுத்தான் வந்தேன். அவங்க வாங்கல. நீங்கதான் வாங்கினீங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நன்றியாகச் சொன்னார். உறையை வாங்கிக்கொண்டு, பொன்னி அரிசி இப்போது மூட்டை என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். நல்ல அரிசியின் விலையைச் சொன்னேன்.

அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இதுவரை தெரியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

45,500-ஐ மூன்று பெருநாளில் பிரித்துக் கொடுத்து முடித்தேன். இப்போது கடை மகன் கையில். ஆனால் ஊருக்குக் குறைத்துச் சொன்ன அந்த விலை அப்படியே நிற்கிறது. 24,000 என்பது என் குத்துமதிப்பு. யார் யார் எவ்வளவு குறைவாகப் பெற்றார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்விட்டார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. கொடுத்தவர்களுக்கும் தாங்கள் குறைத்துக் கொடுத்தது தெரியாது. இதை இதுவரை ஹஜ்ரத் ஒருவரிடம் மட்டுமே சொல்லியிருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

ஈகைக்குப் பேர்போன ஊர் இது. ஒரு ராவுத்தரின் பெயரைத் தாங்கி 1956-ல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் இந்தப் பள்ளத்தாக்கின் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்து வெளியே போகிறார்கள். அந்த ஊரில்தான் நானும் இருந்தேன். பெரிய கொடைகளைப் பற்றி எனக்குச் சொல்லத் தகுதியில்லை. சின்ன அளவுகளைப் பற்றிச் சொல்லலாம். இந்த நோன்பில் ஃபித்ரா கொடுக்கும்போது, பலகையில் இருக்கும் தொகைகளில் எது குறைவு என்று தேடாதீர்கள், உங்களுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். பிறை ராத்திரி வரை வைத்திருக்காமல் நாலு நாள் முன்னால் கொடுங்கள், வாங்குகிறவருக்கும் கடைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பார்த்துப் பார்த்து வாங்க நேரம் வேண்டும். பொருளாகக் கொடுத்தால், அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்று கேட்டுக் கொடுங்கள்.

என் தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளியிலிருந்து விலை கேட்டு ஆள் வந்தால், உங்கள் வீட்டுச் சட்டிக்குப் போகிற சரக்கின் விலையைச் சொல்லுங்கள்.